பதினைந்து விநாடிக்கு ஒரு முறை

இன்றைக்கும் எனக்குக் குமட்டல் வரவழைக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. 'உங்கள் கணக்கு அனுமதித்த அளவுக்கு மேல் சர்வரின் வளங்களைப் பயன்படுத்துவதால் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.' ஆங்கிலத்தில் வரும். தலையில் 'அன்புள்ள வாடிக்கையாளரே', காலில் 'உங்கள் பொறுமைக்கு நன்றி'. என் பொறுமையைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? அந்த வாக்கியத்துக்கு நான் தப்பாகக் காரணம் கண்டுபிடித்தேன். அதனால் ஆரணியில் ஒரு மனிதருக்கு டிசைன் திருடன் என்று பேர் வந்தது. பட்டு நெய்கிற ஊரில் அந்தப் பேர் வந்துவிட்டால் எந்தக் கடைப் படியும் ஏற முடியாது.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்த சமயம். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் எனக்கு ஓர் அறை இருந்தது. ஜன்னலைத் திறந்தால் சாக்கடை. ஒரு நாள் சிவப்பாக ஓடும், ஒரு நாள் மயில் கழுத்துப் பச்சையாக ஓடும், எல்லாம் சாயப் பட்டறைகள் விட்ட தண்ணீர். பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கிற நாற்றம் மதியத்தில் மாடி ஏறி வரும். அதை மூக்கில் வாங்கிக்கொண்டு நான் வெப்சைட் செய்துகொண்டிருந்தேன். தேசூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கம்ப்யூட்டர் படித்தவள். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. ஒரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் சைட் போட்டுக் கொடுத்த பிறகு, மூன்றாவதாக ஒரு பட்டு முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஊரில் பெரிய கடை. என் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தக் கடையில் யார் போனாலும் டீ வரும். எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் வரும், எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் வரும். முதல் நாளே கவனித்தேன். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குடித்துவிட்டு கப்பை நானே கசக்கிக் கூடையில் போட்டேன்.

முதலாளிக்கு வெப்சைட் என்றால் கடைதான். கடையில் கஸ்டமர் வந்து உட்கார்ந்தால் புடவையை ஒன்றொன்றாகக் காட்டக் கூடாது என்பது அவர் சித்தாந்தம். எடுத்து உதறி, விரித்து, முந்தியை மேலே போட்டு, மலை மாதிரி குவித்துவிட வேண்டும். வெறுங்கையோடு எழுந்து போக அவர்களுக்கே கூச்சமாக இருக்க வேண்டும். சைட்டிலும் அப்படியே செய்யச் சொன்னார். பக்கத்துக்குப் பன்னிரண்டு புடவை வைத்து, கீழே 'அடுத்த பக்கம்' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"இன்னாம்மா இது? பன்னெண்டு பொடவையக் காட்டிட்டு எழுந்து அடுத்த ரூமுக்குப் போங்கன்றியா? மொத்தத்தையும் விரிச்சிப் போடு. ஜரிகை மின்னுறது தெரியணும். போட்டோவச் சின்னது கின்னது பண்ணாத."

போட்டோக்கள் கேமராவிலிருந்து வந்த அளவிலேயே, ஒவ்வொன்றும் பூதம் மாதிரி இருந்தன. அதனால் யாராவது பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்தந்தப் படத்தை அந்த நேரத்திலேயே சுருக்கிக் காட்டும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அறுபது புடவை இருந்தால் அறுபது தடவை சுருக்கும். அடுத்தவர் திறந்தால் இன்னொரு அறுபது. சுருக்கியதைச் சேமித்து வைத்துக்கொண்டால் ஒரு தடவை செய்தால் போதும். அது எனக்குத் தெரியும். அப்புறம் செய்யலாம் என்று விட்டேன்.

நாங்கள் இருந்தது பகிர்ந்துகொள்ளும் ஹோஸ்டிங். அதாவது எங்கேயோ இருக்கும் ஒரே சர்வரில் எங்களைப் போல நூற்றுக்கணக்கான சைட்டுகள் குடியிருக்கும். வரிசை வீடுகளுக்கு மொட்டை மாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி இருக்கிற மாதிரி. ஒரு வீட்டுக்காரர் குழாயைத் திறந்து விட்டுவிட்டால் மற்றவர்களுக்குத் தண்ணீர் வராது. வீட்டு ஓனர் வந்து அந்த ஒரு வீட்டுக் குழாயை அடைத்துவிட்டுப் போய்விடுவார். யார் திறந்து விட்டது, ஏன் விட்டது என்பதெல்லாம் அவர் கவலை இல்லை.

அந்தக் கடையில் டிசைன் போடுகிறவர் ஒருவர் இருந்தார். நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். தறிக்காரக் குடும்பம். முதலில் கட்டம் போட்ட தாளில் புட்டாவும் பார்டரும் வரைந்தவர், பிறகு தானாகவே கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டார். புடவைகளைப் போட்டோ எடுப்பதும், எடுத்ததை சைட்டில் ஏற்றுவதும் அவர் வேலைதான். காலை ஒன்பது மணி வெயிலில்தான் ஜரிகையின் நிறம் பொய் சொல்லாது என்று மொட்டை மாடியில் புடவையைக் கட்டி வைத்துக் காத்திருப்பார். நான் அவரை அண்ணா என்பேன். என் வயசுக்கு அவர் என்னை மேடம் என்பார், கொஞ்சம் கிண்டல், கொஞ்சம் மரியாதை. "மேடம், உங்க சர்வருக்கு இன்னிக்கி ஒடம்பு எப்டி கீது?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார்.

ஆரணியில் ஒரு புது டிசைன் தறியில் ஏறினால், புடவை அறுத்து இறக்குவதற்குள் அடுத்த தெருத் தறியில் அதே மயில் உட்கார்ந்திருக்கும். அதனால் புது டிசைன்களுக்கு மட்டும் மறைவாக ஒரு பக்கம் செய்தோம். சைட்டில் எங்கேயும் அதற்கு வழி கிடையாது, முகவரியை நேராக அடித்தால்தான் வரும். வெளியூர் வியாபாரிகள் கடைக்கு வந்தால் முதலாளி கல்லாவிலிருந்தபடியே அதைக் காட்டுவார். முகவரி தெரிந்தவர்கள் மூன்றே பேர். முதலாளி, டிசைன் அண்ணன், நான்.

முதலாளி மவுசைத் தொட மாட்டார். மாடியில் அண்ணன் ஒரு படத்தை ஏற்றினால் கீழே கல்லாவில் தானாகத் தெரிய வேண்டும் என்றார். அதற்காகக் கல்லா கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்னப் பக்கம் செய்து வைத்தேன். பதினைந்து விநாடிக்கு ஒரு முறை அது அந்த மறைவுப் பக்கத்தைப் புதிதாக இழுத்துக் காட்டும். நெட் அறுந்தாலும், சைட் படுத்தாலும், அது பாட்டுக்கு மறுபடி மறுபடி முயன்றுகொண்டே இருக்கும். வியாபாரிகள் வரும் நேரத்தில் மட்டும்தான் அதைத் திறந்து வைப்பார்கள். அப்போது எனக்கு அதில் ஒரே பெருமை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குக் கடையில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பூஜைக்கு என்னைக் கூப்பிடவில்லை. பொரியும் சுண்டலும் பொட்டலமாக என் அறைக்கு வந்தது. மறுநாள் போய்ப் புதியதைக் கல்லாவில் வைத்து இணைத்துக் கொடுத்தேன். பழசு எங்கே என்றதற்கு, பூஜையில் இருக்கிறது என்றார்கள். அந்தப் பதினைந்து விநாடிச் சமாசாரத்தைப் புதியதில் வைக்கட்டுமா என்று கேட்டேன். "வாணாம்மா, மினுக் மினுக்குன்னு கண்ணு கூசுது" என்றார் முதலாளி. சரி என்று வந்துவிட்டேன்.

அதற்கடுத்த நாளிலிருந்து சைட் விழ ஆரம்பித்தது. புடவைகள் இருந்த இடத்தில் வெள்ளைப் பக்கமும், வள வரம்பைத் தாண்டியாயிற்று என்று ஒரு வரியும். ஒரு மணி நேரம் வரும், மூன்று மணி நேரம் போகும். தீபாவளி வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம். ஹோஸ்டிங் கம்பெனிக்கு எழுதினேன். வேறு வேறு பேர்களில் வேறு வேறு ஆட்கள் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். ஐந்தாவது தடவை மட்டும் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு பட்டியலை இணைத்திருந்தார். சர்வரை அதிகம் தின்கிற ஃபைல்களின் பட்டியல் அது. உச்சியில் இருந்தது என் ஸ்கிரிப்ட். இதைச் சரிசெய்யவும் என்று ஒரு வரி. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. நான் எழுதியதைக் குறை சொல்ல இவன் யார்? நேற்று வரை ஓடிய ஸ்கிரிப்ட் இன்றைக்கு எப்படிக் கெட்டுப்போகும்? என் ஸ்கிரிப்டை யாரோ ஓட வைக்கிறார்கள், அது யாரென்று பார்க்கிறேன் என்று கிளம்பினேன்.

சைட்டுக்கு யார் வந்தாலும் சர்வர் ஒரு வரி எழுதி வைக்கும். அதற்கு லாக் என்று பேர். எந்த நெட் இணைப்பின் எண்ணிலிருந்து வந்தார்கள், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள், கடைசியில் வலது ஓரத்தில் எந்த மாதிரிக் கம்ப்யூட்டர், எல்லாம் அதில் இருக்கும். திறந்தேன். ஒரே எண். ஆயிரக்கணக்கான வரிகள். எல்லாமே அந்த மறைவுப் பக்கமும் அதிலிருந்த புதுப் புடவைகளும். விடியற்காலை, மத்தியானம், கடை மூடின பிறகு, ஓய்வே இல்லை. மனுஷர் யாரும் இப்படி உட்கார்ந்து பார்க்க முடியாது. எண்ணின் ஆரம்பம் என்னுடைய இணைப்பின் எண் மாதிரியே இருந்தது. அப்படியென்றால் ஆரணிக்குள்ளேயே யாரோ.

எத்தனை வரிகள் என்று எண்ணினேன். எத்தனை விநாடிக்கு ஒரு முறை என்று பார்க்கவில்லை. என் பழைய மானிட்டர் சின்னது, வரியின் வலது ஓரம் திரைக்கு வெளியே போய்விட்டது. தள்ளிப் பார்க்கவும் இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்ற திமிர்.

அந்த எண்ணைத் தடை செய்தேன். சைட் உடனே எழுந்து உட்கார்ந்தது. கால் மணி நேரத்தில் முதலாளி போன் செய்தார்.

"இன்னாம்மா, நம்ம கடையிலயே தொறக்க மாட்டேங்குது?"

"மோடத்த அணைச்சிட்டு மறுபடி போடுங்க சார்."

போட்டார். திறந்தது. "கெட்டிக்காரிம்மா நீ" என்றார். பத்து நிமிடத்தில் சைட் மறுபடி படுத்தது. லாகைப் பார்த்தால், அதே மறைவுப் பக்கம், அதே புடவைகள், எண் மட்டும் வேறு. பார்த்தாயா, தடுத்தது தெரிந்ததும் எண்ணை மாற்றிக்கொண்டான், லேசுப்பட்ட ஆள் இல்லை என்று நினைத்தேன். இதை இப்போது எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. ஒரு மோடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் வெளியே ஒரே எண்தான், அதை அணைத்துப் போட்டால் எண் மாறும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கடை என்பது களவு கொடுத்த இடம், களவு போன இடத்திலேயே கள்ளனைத் தேட எனக்குத் தோன்றவில்லை.

நேரில் போய்ச் சொன்னேன்.

"சார், இது தானா விழல. யாரோ ப்ரோகிராம் போட்டு நம்ம புது டிசைனையெல்லாம் இழுத்துகினே இருக்காங்க. அதான் தாங்க மாட்டாம விழுது."

"எந்த ஊர்க்காரன்?"

"நம்ம ஊருதாங்க."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அந்தப் பக்கம் யார் யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியும்."

அவர்தான் என்று நான் சொல்லவில்லை. மூன்று பேரைச் சொல்லி, இரண்டு பேரை அவரே கழித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். நேராகக் குற்றம் சொல்வதைவிடக் கேவலமான காரியம் அது. சொன்னதும் நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தத்தான் செய்தது. அதற்குள் டீ வந்தது. எவர்சில்வர் டம்ளரில். முதலாளியே கையைக் காட்டி, "உக்காரும்மா, சேர்ல உக்காரு" என்றார். உட்கார்ந்து குடித்தேன். அந்த டீயின் ருசியை இன்றைக்கு நினைத்தாலும் வாயைக் கொப்பளிக்க வேண்டும் போல இருக்கும். அன்றைக்கு அப்படி இல்லை. நன்றாகவே இருந்தது.

அண்ணனைக் கீழே கூப்பிட்டார்கள். கடை ஆட்கள் ஆறேழு பேர் புடவை மடித்துக்கொண்டிருந்தார்கள், மடிப்பதை நிறுத்தவில்லை, காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்கள். முதலாளி சத்தம் போடவில்லை. "கேமராவ வெச்சிட்டுப் போ" என்றார்.

அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. "இன்னாங்க ஆச்சு?"

"எந்தக் கடைக்குப் படம் குட்த்த?"

அவர் முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க இன்னா சொல்றீங்க?"

"லாக்ல அப்டித்தான் கீது அண்ணா."

"லாக்குன்னா?"

 இரண்டு நிமிடம் உட்கார வைத்து, லாக் என்றால் இதுதான், இந்தப் பக்கத்தை யாரோ விடாமல் திறந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். திருடனுக்கு எதற்கு விளக்கம் என்றுதான் நினைத்தேன். அவர் கேமராவின் வாரைச் சுருட்டி, உறைக்குள் போட்டு, மேஜை மேல் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பேச்சு. நான் இட்லி வாங்கப் போன கடையில்கூட ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார், அந்த டிசைன் போடறவர் கம்ப்யூட்டர் வழியாத் திருடி வித்துட்டாராம்பா என்று. நான் பார்சலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவரை அனுப்பிய பிறகும் சைட் விழுந்தது. "வூட்லேர்ந்து பண்றான்" என்றார் முதலாளி. நான் மறைவுப் பக்கத்தின் பேரை மாற்றினேன். புதுப் பேர் எனக்கும் முதலாளிக்கும் மட்டும். அன்றோடு சைட் விழுவது நின்றது. லாகில் பழைய பேரைக் கேட்டுக் கேட்டு, அப்படி ஒரு பக்கம் இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டிருந்தது அந்த எண். பூட்டின கதவை இன்னும் தட்டுகிறான் பாருங்கள் என்று காட்டினேன். முதலாளியும் கடை ஆட்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இதைவிட வேறு என்ன ருசு வேண்டும்? பேர் தெரிந்த ஆள் போனார், பேர் மாறியது, தொல்லை தீர்ந்தது. தீபாவளி வியாபாரம் ஜோராக நடந்தது. எனக்கு ஒரு புடவை கொடுத்தார்கள். அதை இன்று வரை கட்டவில்லை.

போகிக்கு முந்தின நாள் முதலாளி கூப்பிட்டார். வீட்டையும் கடையையும் ஒழிக்கிறார்கள், பழைய கம்ப்யூட்டர் யாருக்காவது உதவுமா, இல்லை காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அன்றுதான் முதல் தடவையாக என்னை மாடிக்கு அனுப்பினார்கள். ஆயுத பூஜை செய்கிற அறை, வருடத்தில் மற்ற நாளெல்லாம் சாமான் போட்டு வைக்கிற அறை. தறியில் டிசைனுக்குப் போடும் ஜக்கார்டு அட்டைகள் உடைந்தவை, காலி நூல்கண்டுக் கட்டைகள், பாச்சை, எலிப் புழுக்கை, காய்ந்து சருகான சாமந்தி மாலை. பூஜையில் வைத்த கத்தரிக்கோலையும் அளவுகோலையும் அவரவர் மறுநாளே எடுத்துப் போயிருந்தார்கள். மூலையில் மனை மேல், சந்தனமும் குங்குமமும் உலர்ந்து உதிர்ந்து, என் பழைய கல்லா கம்ப்யூட்டர் மட்டும் மிச்சம் இருந்தது.

கையை வைத்தேன். சுட்டது.

உள்ளே விசிறி முனகிக்கொண்டிருந்தது. அறைக்கு வெளியேதான் இன்வெர்ட்டர், அதன் சத்தம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். மின்வெட்டிலும் அணையாமல் அந்த இன்வெர்ட்டர் இதைக் காப்பாற்றியிருக்கிறது. நெட் கேபிள் சுவரோரமாக வந்து பின்னால் செருகியிருந்தது. மானிட்டரின் பொத்தானை மட்டும்தான் யாரோ அணைத்திருந்தார்கள். அழுத்தினேன். 'இந்தப் பக்கம் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தெரிந்தது. ஒரு தடவை மினுக்கி, மறுபடி அதே வரி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. நான் விநாடிகளை எண்ணினேன். எண்ண வேண்டிய தேவையே இல்லை, பதினைந்து என்று எழுதியது நான்தானே. எலிப் புழுக்கை கிடந்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என் அறைக்கு ஓடி, எடுத்து வைத்திருந்த பழைய லாகைத் திறந்து, முதல் தடவையாக வலது ஓரம் வரை தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் விண்டோஸ் 98. ஊரே புதுசுக்கு மாறிய பிறகும் அதை விடாமல் வைத்திருந்தது அந்தக் கல்லாப் பெட்டி ஒன்றுதான். நானே போட்டுக் கொடுத்தது. வெறுப்பில் வேறு ஒன்றும் செய்யத் தோன்றாமல், தள்ளிப்போட்ட வேலையை அன்று செய்தேன். சுருக்கிய படத்தைச் சேமித்து வைக்க நாலே வரி. பிறகு பக்கத்தின் பழைய பேரைத் திருப்பிக் கொடுத்து, அந்தப் பெட்டியை ஒரு பகல் முழுக்க இழுக்க விட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. சைட் கம்பீரமாக நின்றது. ஆக, திருடன்தான் இல்லை என்றால் அந்தப் பெட்டியும் குற்றவாளி இல்லை. ஐந்தாவது கடிதத்தில் அந்தப் புண்ணியவான் எழுதியதுதான் நிஜம், கோளாறு என் ஸ்கிரிப்டில்தான்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பூசைல வெச்சத அணைக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்" என்றார். "புது டிசைனுங்க சாமி முன்னாடி ஓடிகினு இருக்கட்டும்னு தொறந்து வைக்கச் சொன்னேன்."

"அண்ணனக் கூப்ட்டு சொல்லிடலாங்க சார்."

"இன்னான்னு சொல்றது? சாமிக்கு வெச்ச பொட்டிதான் திருடிச்சின்னா? ஊரே சிரிக்கும்மா. வுடு. அவன் எங்கியோ நல்லாத்தான் கீறானாம்."

சீ என்று இருந்தது. இத்தனை பெரிய கடை, இத்தனை புடவை, தன்னைப் பார்த்து நாலு பேர் சிரித்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு மனுஷனின் பேரைச் சாக்கடையில் விட்டுவிடுகிறார். இதையெல்லாம் மனசுக்குள்தான் சொல்லிக்கொண்டேன். அவரிடம், "சரிங்க சார்" என்றேன்.

வந்தவாசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு போட்டோ ஸ்டுடியோவில் அண்ணன் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டும், போகச் சித்திரை ஆகிவிட்டது. வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். வேலை என்ன வேலை, பயம். போனபோது ஒரு கிழவரை ஸ்டூலில் உட்கார வைத்து, "மூஞ்ச நேரா வெய்ங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. கிழவரை அனுப்பிவிட்டு, அந்த ஸ்டூலையே எனக்கு நகர்த்திப் போட்டார்.

சொன்னேன். பெட்டி, பதினைந்து விநாடி, மோடம், வலது ஓரம், என் ஸ்கிரிப்ட், எதையும் மறைக்கவில்லை. அவர் லென்சைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பொட்டிய அங்கத் தூக்கி வெச்சதே நான்தான் மேடம். பக்கத்த தொறந்து வெச்சதும் நான்தான். மொதலாளி சொன்னாரு, செஞ்சேன். இந்தப் பக்கத்த யாரோ வுடாம தொறக்கறாங்கன்னு ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருந்தா, மேல அது ஓடிகினு கீதேன்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

அந்த ஸ்டுடியோவில் விசிறி இல்லை. எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"தப்பு என்னுதுதான் அண்ணா. உங்க கிட்ட சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

"எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க?" குரலை உயர்த்தவே இல்லை. "நான் திருடலன்னு எனக்குத் தெரியாதா? அத ஊர்ல போயி சொல்லுங்க."

அடுத்த ஆள் உள்ளே வந்தார். நான் எழுந்து ஸ்டூலைக் கொடுத்தேன்.

ஊரில் சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மறுநாளே கீழே இருந்த ஜரிகைக் கடைக்காரரிடம் சொன்னேன். "அப்டியா? அய்யோ பாவம்" என்றார், சொல்லிவிட்டு நூலை நிறுக்கப் போய்விட்டார். இரண்டாவதாக இட்லிக் கடையில் அன்று பேசின அந்த ஆளிடம் சொன்னேன். எந்த டிசைன்காரர் என்று கேட்டார், அதற்குள் அவருக்கு மறந்துபோயிருந்தது. திருடன் என்ற பேர் மட்டும் ஊரில் தங்கிவிட்டது, சொன்னவர்கள் மறந்துவிட்டார்கள். மூன்றாவதாக, அடுத்த தெருவிலிருந்த இன்னொரு பட்டு முதலாளியிடம் போனேன். அண்ணனுக்கு வேலை கொடுக்கக் கூடியவர். என் முதல் பட்டு முதலாளிக்குச் சம்பந்தி முறை.

அவர் பாதி கேட்கும்போதே சிரித்துவிட்டார். "சாமி பொட்டியா?" பிறகு சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இத எங்கிட்ட சொன்னதோட வுட்ருங்க. எங்க சம்பந்தி மானம் போயிடும். நீங்க நல்ல வேலக்காரங்கன்னு அவரே சொன்னாரு. எங்க கடைக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்களேன், ஜல்தியா."

டீ வந்தது, எவர்சில்வர் டம்ளரில். நான் பையிலிருந்து நோட்டை எடுத்து, மொத்தம் எத்தனை புடவை போட வேண்டும் என்று கேட்டேன். நான்காவதாக ஒருவரிடம் நான் சொல்லவில்லை.